கேபினட்டுக்குள் சாம்பிராணிப் புகை

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் வரும் ஒரு சின்ன வீடியோ கடையில் நடந்தது இது. கத்திரி வெயில். தெருவே தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. ரயில் ஷெட்டிலிருந்து வரும் 'ம்ம்ம்' என்ற சத்தம்கூட தூக்கத்தில் யாரோ முனகுவது போலத்தான் கேட்டது.

அந்தக் கடை எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிர்ச் சந்தில் குடியிருக்கும் அக்காவுடையது. கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுப்பார். பல வருஷம் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டு அந்த வருஷம்தான் தனியாகக் கடை போட்டிருந்தார். "பொம்பள தனியா கல்யாணம் எடுப்பியா, அதையும் பாக்கலாம்" என்று சொல்லித்தான் பழைய முதலாளி அவரை அனுப்பி வைத்தாராம். அக்கா தனியாக எடுத்த முதல் கல்யாணம் அந்த வாரம் முடிந்திருந்தது. மணப்பெண் அன்றைக்குச் சாயங்காலம் வெளிநாடு கிளம்புகிறாள். ஐந்து மணிக்கு அவளுடைய அப்பா கடைக்கு வந்து பென்டிரைவை வாங்கிக்கொள்வார், ஐந்தரைக்கு ஏர்போர்ட்டுக்குக் கார். இதுதான் பேச்சு.

எடிட் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் மொத்தப் படத்தையும் ஒரே கோப்பாக மாற்றி எடுக்க வேண்டும், ரெண்டர் என்பார்கள். கம்ப்யூட்டரின் உயிரை வாங்கும் வேலை அது. அக்காவின் மெஷின் முந்தின நாளிலிருந்து பாதி ரெண்டரில் பட்டென்று அணைந்துகொண்டே இருந்தது. பிராசசர் சூடு தாங்காமல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. பிராசசர் மேல் இருந்த பழைய ஃபேன் கிழவர் இருமுவது மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

"வேற கடையில குடுத்து எடுத்துக்கலாமே அக்கா?"

"இங்க இந்த சாஃப்ட்வேர் வெச்சிகினு கீறது என் பழைய மொதலாளி, அந்தாளு ஒருத்தன்தான். அங்க போயி நிக்கச் சொல்றியா?"

நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஓடினேன்.

என்னைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சாஃப்ட்வேர் வேலை. ஆனால் மனசு முழுக்க கம்ப்யூட்டர் கட்டுவதில். கட்டில், பீரோ வாங்கும் வயசில் நான் கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டியான கேபினட், ஃபேன் என்று வாங்கிக்கொண்டிருந்தேன். என்னுடைய மெஷினுக்காக வாங்கி, பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்திருந்த ஒரு லிக்விட் கூலர் என் அலமாரியில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

லிக்விட் கூலரைப் பார்க்காதவர்களுக்கு: பைக்கில், காரில் இருக்கும் ரேடியேட்டர்தான், கொஞ்சம் சின்னது. பிராசசர் மேல் ஒரு பம்ப் உட்காரும். அதிலிருந்து இரண்டு கறுப்புக் குழாய்கள் ரேடியேட்டருக்குப் போகும். உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம் சுற்றிச் சுற்றி வந்து சூட்டைச் சுமந்துகொண்டு போகும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஃபேன் காற்றைத் தள்ள, சூடு வெளியே போகும். பிரித்த அன்றைக்கே அதைக் காதோரம் வைத்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே தண்ணீர் புரளும் சத்தம், ரொம்பத் தூரத்தில் அலை அடிப்பது மாதிரி.

"இன்னாடி இது, கம்ப்யூட்டர்க்குள்ள தண்ணியா? ஷாக் அடிச்சா நீ போ, நான் போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்" என்றார் அக்கா.

"சீல் பண்ணது அக்கா. ஒழுகாது."

"எங்க தாத்தா நாத்து நட்ட எடத்துல ஃப்ளாட்டு கட்டிகினு வந்தீங்க. இப்ப பொட்டிக்குள்ள போர் போடு."

சிரித்துக்கொண்டே மாட்ட ஆரம்பித்தேன். கேபினட்டின் முன்பக்க வலைக்குப் பின்னால் ரேடியேட்டருக்கு அளவாக இடம் இருந்தது. ஏற்கெனவே அங்கே இரண்டு கறுப்பு ஃபேன்கள் இருந்தன. கூலரோடு வந்தவை இன்னும் இரண்டு, வெள்ளைச் சட்டத்தில் வளையம் வளையமாக நீல வெளிச்சம் வருபவை. இரண்டு போதும். ஆனால் நான் விடுவேனா? கறுப்பு இரண்டையும் ரேடியேட்டருக்கு முன்னால், நீலம் இரண்டையும் பின்னால் என்று சாண்ட்விச் போட முடிவு செய்தேன். முன்னால் இருப்பது காற்றைத் தள்ளும், பின்னால் இருப்பது இழுக்கும், இரட்டை வேகம். பெட்டியில் எட்டு நீள ஸ்க்ரூதான் இருந்தது. ஃபேனுக்கு எதிரெதிர் மூலையில் இரண்டு வீதம் பங்கு போட்டேன். ரேடியேட்டர் அசையாமல் உட்கார்ந்தது.

மாட்டிவிட்டு ஒரு முறை பார்த்தேன். நீல ஃபேனின் அழகான முகம் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேபினட்டின் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முதுகுதான் தெரிந்தது, குறுக்குச் சட்டங்களும் ஒயரும் ஸ்டிக்கருமாக. எனக்கு மனசே ஆறவில்லை. கழற்றி, இரண்டையும் திருப்பி மாட்டினேன். இப்போது நீல வளையங்கள் என்னைப் பார்த்தன. அந்த நிமிஷம் வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. இது சத்தியம்.

இரண்டு மணிக்கு ரெண்டர் போட்டோம். சூடு ஐம்பத்தைந்து டிகிரி. பழைய ஃபேனில் தொண்ணூறைத் தாண்டிய மெஷின் இது. அக்கா என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கி விளக்கை அணைத்தோம். இருட்டில் அந்தப் பெட்டி மட்டும் நீலமாக, மீன் தொட்டி மாதிரி நின்றது. திரையின் ஓரச் சின்னக் கட்டத்தில் கல்யாணம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மாலை, அட்சதை, யாரோ ஒரு குழந்தை கொட்டாவி விடுகிறது, மணப்பெண் குனிகிறாள். நான் போனில் வீடியோ எடுத்தேன். எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன்.

இருபது நிமிஷம் கழித்து பட்டென்று இருட்டு.

நீலமும் போச்சு, கல்யாணமும் போச்சு. தெருவில் ஆட்டோ போகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா போனில் மணி பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

குழாய்களைத் தொட்டேன், இரண்டும் கொதித்தன. ரேடியேட்டர் தோசைக்கல் மாதிரி இருந்தது. மெஷினை மறுபடி ஆன் செய்து பம்ப்பில் காது வைத்தேன், ஓடுகிறது. ஃபேன் நான்கும் சுற்றுகின்றன. அப்படியென்றால் சூட்டைக் கடத்த பிராசசர் மேல் பூசும் பேஸ்ட்தான் சரியில்லை என்று முடிவு கட்டி, பம்ப்பைக் கழற்றித் துடைத்து, புதிதாகப் பூசி மாட்டினேன். பாழாய்ப்போன தன்னம்பிக்கை. மூன்றேகாலுக்கு மறுபடி ரெண்டர்.

அப்போதுதான் வாசலில் சாம்பிராணி பாய் வந்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் வருபவர். ஜும்மா தொழுகை முடிந்து, தூபக்காலில் கனலோடும் கையில் மயில் தோகையோடும் ஒவ்வொரு கடையாக ஏறி, கல்லா, சாமி படம், மூலை முடுக்கு என்று புகை காட்டிவிட்டுப் போவார். முப்பது வயசுதான் இருக்கும். அக்கா அவரை ஒரு வெள்ளிகூடத் தவற விட்டதில்லை.

அவர் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து இரண்டு தடவைதான் விசிறியிருப்பார். நான் எழுந்து கையை நீட்டிவிட்டேன்.

"வேணாம் பாய், வேணாம். மெஷின் ஓடுது. பொகை எல்லாம் உள்ள போயிடும். வெளிய போங்க."

'வெளிய போங்க' என்று அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு குனிந்து வெளியே போனார். "ஏண்டி, அவரு இன்னா பண்ணாரு உன்ன?" என்று அக்கா முணுமுணுத்தார்.

ஆனால் அந்த இரண்டு விசிறலின் புகை கடைக்குள்ளேயே தங்கிவிட்டது. நீல வெளிச்சத்தில் அது மெதுவாக மிதந்து கேபினட்டின் முன்பக்கத்துக்கு வந்தது. உள்ளே போய்விடுமோ என்று பதறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. வலைக்குப் பக்கத்தில் வந்து கொஞ்சம் தயங்கி, சுருண்டு, வந்த வழியே திரும்பியது. யாரோ வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போவது மாதிரி. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் அறிவு.

மூன்று முப்பத்தைந்துக்கு மறுபடி இருட்டு. அந்த இருட்டில்தான் எனக்கு உறைத்தது. உள்ளே போகும் என்று நான் பயந்த புகை ஏன் உள்ளே போகவில்லை?

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தார் ரோடு காலைச் சுட்டது. மருந்துக் கடையில் இல்லை, பழக்கடையில் இல்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஒரு டைலர் கடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"பாய், கொஞ்சம் வாங்க. பொகை வேணும்."

அவர் திரும்பி என் வெறுங்காலைப் பார்த்தார். "இன்னாமா, இப்பத்தான வெளிய போன்னே. அதுக்குள்ள பொகைக்கு இன்னா அவசரம்?"

"தப்புதான் பாய். மெஷினுக்குக் காட்டணும்."

"மெஷினுக்கா? கண்ணு பட்டுச்சா?"

"காத்து எங்க போவுதுன்னு பாக்கணும்."

உள்ளேயிருந்த டைலர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு தெரு முழுக்கக் கடை பாக்கி. ஆனாலும் படியிலிருந்து இறங்கி என்னோடு வந்துவிட்டார்.

மெஷின் கொஞ்சம் ஆறியிருந்தது. சும்மா ஆன் செய்து, பக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். பாய் கேபினட் முன்னால் குந்தினார். பெரிய புகையாகப் போடுவார் என்று நினைத்தேன். அவர் கனலின் ஓரத்தில் ஒரு சிட்டிகை மட்டும் வைத்தார். "நெறைய போட்டா ஒண்ணும் தெரியாது" என்றார். நூல் மாதிரி ஒரே ஒரு இழை எழுந்தது. அதை வலைக்கு முன்னால் காட்டினார். இழை போய்த் தயங்கித் திரும்பியது. பிறகு தூபக்காலைப் பக்கவாட்டில் கொண்டுபோய், ரேடியேட்டருக்குப் பின்னால் நீல ஃபேனுக்கு அருகில் காட்டினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்த இழை கேபினட்டின் உள்பக்கமாக வரவே இல்லை. அதுவும் ரேடியேட்டரை நோக்கித்தான் போனது, போய் முட்டி, ஓரமாக வழிந்தது.

பாய் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தாண்டயும் தள்ளிகினு கீது, அந்தாண்டயும் தள்ளிகினு கீது. நடுவுல யாருமா மாட்டிகினது?"

நடுவில் மாட்டிக்கொண்டது அக்காவின் முதல் கல்யாணம்.

முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே தள்ள, பின்னால் இரண்டு ஃபேன் வெளியே தள்ள, இரண்டு காற்றும் ரேடியேட்டருக்குள் ஒன்றோடொன்று நெஞ்சை முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. தண்ணீர் சூடாக இருபது நிமிஷம் பிடிக்கும் என்பதால் அதுவரை எல்லாம் சரி என்று எனக்குப் பொய் காட்டியிருக்கிறது. ஃபேனின் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறியே போட்டிருப்பார்கள். எனக்கு அது தெரியும். ஆபீஸில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நீல வளையத்தைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

"நான்தான் அக்கா தப்பா மாட்டினேன். அழகா இருக்கட்டும்னு திருப்பி வெச்சேன்" என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழுவுறத அஞ்சு மணிக்கு மேல வெச்சிக்க. இப்ப கழட்டு" என்றார் அக்கா.

நான்கு ஸ்க்ரூ. அவசரத்தில் ஒன்று உள்ளே விழுந்து உருண்டது, அக்கா போன் வெளிச்சத்தில் தேடி எடுத்தார். பாய் தூபக்காலை வாசலில் வைத்துவிட்டு வந்து, நான் முறுக்கும்வரை ஃபேனை அசையாமல் பிடித்துக்கொண்டார். கரி படிந்த விரல்கள். வெள்ளைச் சட்டத்தில் அந்த ரேகை அப்படியே பதிந்தது.

மறுபடி ஒரு சிட்டிகை. இந்தத் தடவை இழை வலைக்கு முன்னால் தயங்கவே இல்லை. நேராக உள்ளே போனது. தகடுகளுக்குள் மறைந்து, அந்தப் பக்கம் மெல்லிய மேகமாக வெளிவந்து, நீல வெளிச்சத்தில் நனைந்து, பம்ப்பின் மேல் தவழ்ந்து, கேபினட்டின் பின்பக்கத்துத் துளைகள் வழியாக வெளியே நழுவியது. மூன்று பேரும் அந்தப் பெட்டி மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரெண்டர் போட்டபோது நாலு பத்து. முழுசாக முடிய ஐம்பது நிமிஷம் ஆகும். அறுபத்திரண்டு டிகிரிக்கு ஏறிய சூடு அங்கேயே நின்றது. இருபது நிமிஷம் தாண்டியபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வலித்தது. பாய் அதற்கு மேல் நிற்க முடியாது என்று எழுந்தார். அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "பாய், அப்ப நான் சொன்னது..." என்று இழுத்தேன்.

"அத உடும்மா. அடுத்த வெள்ளிக்கெழம நான் வரலாமா கூடாதா, அத மட்டும் சொல்லு."

"வாங்க பாய்."

"வந்தா உள்ளயா, வெளியயா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்த நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால் மணப்பெண்ணின் அப்பா வந்தார். ரெண்டர் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. நாற்காலியைப் போட்டோம். அவர் உட்காராமல் திரையோரத்தின் சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தமில்லாமல் அவர் மகள் மேடையிலிருந்து இறங்கி, வாசல்வரை நடந்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கடைக்குள் இன்னும் சாம்பிராணி வாசனை. "கோயில் மாதிரி இருக்குதும்மா உன் கடை" என்று மட்டும் சொன்னார். ரெண்டர் முடிந்து அக்கா கொடுத்த பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டு, வெளியிலிருந்து ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.

அக்கா அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணம் எடுத்துவிட்டார். அந்தக் கூலர் இன்னும் அவர் மெஷினில்தான் இருக்கிறது, நான் திருப்பிக் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஃபேனின் முதுகும், ஒயரும், வெள்ளைச் சட்டத்தில் கரி விரல் ரேகையும் தெரியும். அதைத் துடைக்க அக்கா விடுவதில்லை. நானும் இப்போது யாருக்கு மெஷின் கட்டினாலும் கண்ணாடியை மூடும் முன் ஒரு ஊதுபத்தி கொளுத்திக் காட்டிப் பார்க்கிறேன். புகை நூலாக உள்ளே நுழையும் அந்த நொடியில், "வேணாம் பாய்" என்று நான் நீட்டிய கை ஞாபகத்துக்கு வந்து, கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது.