குலம் அண்ணையின்ர ரிவியேராவும் 240 ஹோர்ஸ் பவரும்

குலம் அண்ணை போயிட்டார். காலமை பஸ்ஸுக்குள்ள நிண்டபடி பழைய பக்டரி வாட்ஸப் குறூப்பில பாத்தனான்... ஹார்ட் அற்றாக்காம்.

இறங்கவேண்டிய ஸ்டொப்பை விட்டுட்டன். வேலைக்குப் பிந்திப் போக, சூப்பவைசர் ஏனெண்டு கேட்டான். பஸ் பிந்திட்டுதெண்டு சொல்லிப்போட்டன்.

உங்களில கனபேருக்கு அவரைத் தெரியாது. ஸ்காபரோவில கார் சீற் தைக்கிற பக்டரியில எனக்குப் பக்கத்து மெசின். பதினொரு வருசம்.

எங்கட சனமெல்லாம் ஜப்பான் கார் தேடித் திரியேக்க, இந்த மனுசன் மட்டும் ஒரு பழைய அமெரிக்கன் கார் வாங்கினவர். ரிவியேரா, 96ஆம் ஆண்டு மொடல், கரும்பச்சை. ரெண்டே ரெண்டு கதவு, ஒவ்வொண்டும் வீட்டுக் கேற் மாதிரி நீளம்.

அதுக்குள்ள எங்கள் நாலு பேரை அடைஞ்சுகொண்டு வேலைக்குப் போவார். வோபர்னில வெளிக்கிட்டு, கடைசியா வெக்ஸ்போர்ட்டில என்னை ஏத்துறவர். முன்னுக்கு இருக்கிறவர் இறங்கி சீற்றை மடிச்சால்தான் நான் பின்னுக்குப் போகலாம். "கெதியா ஏறுங்கோடாப்பா, ஹீற் எல்லாம் வெளியில போகுது!"

லைற் பச்சை விழுந்தால் ஒரு மிதி மிதிப்பார். "240 ஹோர்ஸ் பவர் தம்பி! சூப்பர்சார்ஜர்!"

தெரியாத ஆக்களுக்கு... அந்தக் காருக்கு ரெண்டு எஞ்சின் வந்தது. ரெண்டும் 3.8 லீற்றர் V6 தான். சும்மா எஞ்சின் 205 ஹோர்ஸ் பவர். காத்தை அமத்தி உள்ளுக்குத் தள்ளுற சூப்பர்சார்ஜர் பூட்டினது 240.

அதுக்கு விலை கூடின பிரீமியம் பெற்றோல்தான் அடிக்கவேணும். அண்ணையும் ஒருநாளும் வேற அடிச்சதில்லை. பின் மூடியில "சூப்பர்சார்ஜ்ட்" எண்டு பேட்ஜும் இருந்தது.

ஒரு ஞாயிறு ஒயில் மாத்த ஹெல்ப்புக்குப் போய் பொனற்றைத் திறந்தன். கனடா வந்த புதுசில கராஜில வேலை செய்தனான், பாத்த உடன தெரிஞ்சிட்டுது. சூப்பர்சார்ஜர் இல்லை. முந்தி வச்சிருந்தவன் எங்கயோ அடிபட்டு, ஜங்க்யார்ட்டில வேற ரிவியேராவின்ர பின் மூடியை எடுத்துப் பூட்டியிருக்கிறான் போல.

அண்டைக்கு வாயைப் பொத்திக்கொண்டு வந்தனான். அதோட விட்டிருக்கலாம்...

அடுத்த கிழமை லஞ்ச் றூமில அண்ணை திரும்பவும் தொடங்கினார். எனக்கு ஓவர்டைம் செய்து உடம்பெல்லாம் நோ. எரிச்சலில, "அண்ணை, உதில சூப்பர்சார்ஜரும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. உது 205" எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன்.

முழு றூமும் சிரிச்சது. "மிச்சம் முப்பத்தைஞ்சு குதிரையும் எங்கயண்ணை, மேயப் போயிட்டுதோ?" எண்டு ஒருத்தன். அண்ணை சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிட்டார். அண்டையில இருந்து அவருக்குப் பட்டப்பேரே "205".

அடுத்தநாள் காலமை வழக்கமான இடத்தில நிண்டன். கார் வந்தது. நிக்கேல்லை.

பக்டரி மூடுற வரைக்கும் எனக்கு பஸ்தான். ஒருக்கா போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்... கேக்கேல்லை. பிறகு அவர் மகனோட விட்பிக்குப் போயிட்டார். தூரம், வேலை, அலுப்பு எண்டு எனக்கு ஒவ்வொரு சாட்டு. இப்ப நினைக்க வெக்கமாக் கிடக்கு.

இண்டைக்குப் பின்னேரம் மகன் ஃபோன் எடுத்தான். "அங்கிள், சண்டே ஃபியூனரல் ஸ்பீச்சில அப்பான்ர காரைப் பற்றிச் சொல்லப்போறன். டூ ஃபோர்ட்டி ஹோர்ஸ் பவர், ரைட்? அப்பா ஆல்வேஸ் சொல்லுவார், எஞ்சின் எண்டால் உங்களைத்தான் கேக்கவேணுமெண்டு."

ஆல்வேஸாம்...

"ஓம் தம்பி. 240" எண்டன்.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதாலதான் இங்க ஃபேஸ்புக்கில எழுதுறன். கீழ இருக்கிற ட்ரான்ஸ்லேற் பட்டனை அமத்தமாட்டான் எண்டு நம்பிறன்.

பக்டரி ஆக்களே, ஞாயிற்றுக்கிழமை அண்ணையின்ர உடலைப் பாக்கிற பார்வைக்கு எல்லாரும் வருவியள். பொடியன் 240 எண்டு வாசிக்கேக்க ஒருத்தரும் சிரிக்கக்கூடாது. கும்பிட்டுக் கேக்கிறன்.

போயிட்டு வாங்கோ அண்ணை.