ரதிதேவியின் சனிக்கிழமைகள்

நியூசிலாந்தில், ஆக்லாந்தை அடுத்த தகனினியில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்பவர் ரதிதேவி. யாழ்ப்பாணத்துக்காரர். நினைத்ததை உடனே சொல்லிவிடுவார், சொன்னதை விடமாட்டார்.

ஒரு மழை நாளில், தமிழ்நாட்டிலிருந்து வந்த பாக்யலட்சுமி தொப்பலாக நனைந்தபடி கணவருக்கு மாத்திரை வாங்க வந்தார்.

"கார் இல்லையோ?"

"இருக்குக்கா. அவருக்குப் பக்கவாதம் வந்ததுலேர்ந்து சும்மா நிக்குது. எனக்கு லேர்னர் லைசென்ஸ்தான், தனியா ஓட்டக்கூடாது." தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். "முதியோர் இல்லத்துல வேலை கிடைச்சுது. விடியக்காலைல பஸ் கிடையாது. வேணாம்னுட்டேன்."

"இந்தச் சனிக்கிழமை நான் வாறன். சாவியைத் தேடி வையுங்கோ."

வீட்டில் கணவர் பிரதாபன் முகத்தைச் சுளித்தார். "கார் பழக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம்தானே? உமக்கேன் இந்த வேலை?"

"எங்கட வாசலில ரெண்டு கார் நிக்குது. அவ மழையில நடக்கிறதைக் கண்ட பிறகும் பேசாமல் இருந்தால் அது பிழையப்பா."

சில வாரங்கள் நன்றாகவே போயின. ஒருநாள் ரதிதேவி வீட்டு வாசலில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார் பாக்யலட்சுமி. தபால்பெட்டி அடியோடு சாய்ந்தது. ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதார். "போதும்க்கா. எனக்கு இது வராது."

சத்தம் கேட்டு வெளியே வந்த பிரதாபன் பெட்டியைப் பார்த்தார், பிறகு பாக்யலட்சுமியைப் பார்த்தார். "அது முதலே ஆடிக்கொண்டுதான் நிண்டது. அழாதேங்கோ தங்கச்சி. இன்னொருக்கா எடுங்கோ." சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அதன்பின் ரிவர்ஸ் எடுக்கப் பழக்கியது அவர்தான்.

முதல் டெஸ்டில் தோல்வி. லேன் மாறும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கவில்லை. ரதிதேவி விடவில்லை, அடுத்த சனிக்கிழமை முழுக்க அதையே செய்ய வைத்தார்.

இரண்டாம் முறை டெஸ்ட் முடிந்து கார் திரும்பி வந்து நின்றதும் பாக்யலட்சுமி கதவைக்கூட மூடாமல் ஓடிவந்தார். "பாஸ்க்கா! பாஸ்!" அங்கே காத்திருந்த, யாரென்றே தெரியாத நாலைந்து பேர் கைதட்டினார்கள். பிரதாபன் விசிலடித்தார்.

முதியோர் இல்லத்தில் மறுபடி கேட்டார். உடனே வரச் சொன்னார்கள். வேலையில் சேருமுன், கணவர் பாஸ்கரனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மோட்டர்வேயில் தானே ஓட்டிப்போனார். அங்கே காரை நிறுத்தியதுமே ரதிதேவிக்குப் போன் செய்தார்.

"அக்கா, நூறு கிலோமீட்டர் ஸ்பீட்ல வந்தேன்! இவரு வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தாரு!"

மருந்துக்கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ரதிதேவி கத்தினார். "கெட்டிக்காரி! கெட்டிக்காரி!"