கோபம் தீர்ந்தவள்

மலேசியாவில் நான் இருக்கும் சுங்கைப் பட்டாணிச் சாலைகளில் ஹாரன் சத்தம் அபூர்வம். சிக்னல் பச்சைக்கு மாறிய பிறகும் முன்னால் நிற்பவர் கைப்பேசியில் மூழ்கியிருந்தால், பின்னால் இருப்பவர்கள் பேசாமல் காத்திருப்பார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஒருவன் காலை இன்னொருவன் மிதித்தால் இரண்டு பேருடைய குலம் கோத்திரமும் சந்திக்கு வந்துவிடும். இங்கே யாருக்கும் கோபமே வராது போலிருக்கிறது என்று கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாவிடம் போனில் சொன்னேன். கொடுத்து வைத்தவள் நீ என்றாள் அம்மா. சிலர் கோபத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, இரும்புக் கதவைப் பூட்டிய பிறகுதான் வெளியே எடுப்பார்கள் என்பது பிறகு தெரிந்தது. எல்லாரையும் சொல்லவில்லை, என் கணவரைச் சொல்கிறேன்.

என் கணவர் குமரேசன் லூனாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வெளியே தங்கமான மனிதர். வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால் தட்டு பறக்கும், சட்டையில் மடிப்பு சரியில்லை என்றால் கை பறக்கும். எங்கள் ஊரிலும் பெண்டாட்டியை அடிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே வேடிக்கை பார்க்கவாவது நாலு பேர் கூடுவார்கள், அதில் ஒருத்தராவது "விடுப்பா, போதும்" என்பார். நாங்கள் இருப்பது தாமான் எனப்படும் வரிசை வீடுகளில், சுவரோடு சுவர். பக்கத்து வீட்டு அக்காவும் தமிழ்தான். எங்கள் வீட்டில் சத்தம் கேட்டதும் டிவியின் ஒலியைக் கூட்டிவிடுவார். மறுநாள் வேலியோரம் பார்த்தால் "சாப்ட்டாச்சா?" என்று அன்பாக விசாரிப்பார். அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தேன். கோபத்துக்கு டாக்டரைப் பாருங்கள், இல்லையென்றால் நான் ஊருக்குப் போகிறேன் என்றேன். போய்விட முடியும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஊரில் தங்கைக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார்கள். வாழாவெட்டியாக நான் போய் இறங்கினால் அவள் கல்யாணம் அவ்வளவுதான். இங்கேயே இருக்கலாம் என்றால், என் விசாவைப் புதுப்பிக்க அவர் கூட வந்து நிற்க வேண்டும். அவருடைய கோபம் தணிந்தால்தான் எனக்கு வாழ்க்கை. அவர் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டார். "சரிலா, ரெண்டு பேருமே போவோம்" என்றார், பேச்சுக்குப் பேச்சு "லா" சேர்க்கும் இந்த ஊர்த் தமிழில்.

கவுன்சலிங் நடந்தது ஒரு கடைவீட்டின் மாடியில். ஆலோசகர் ஒரு மலாய்க்கார அம்மாள், முக்காடு போட்டவர், பூப்போன்ற குரல். மரியாதையாகப் புவான் என்று அழைக்க வேண்டும். அவருக்கு மலாயும் ஆங்கிலமும் தெரியும், எனக்கு இரண்டும் தெரியாது. "நீ தமிழ்ல சொல்லு, நான் மலாய்ல சொல்லிடறேன்லா" என்றார் கணவர். எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. எங்கள் பக்கம் பெண்ணுடைய வயிற்றுவலியைக்கூடப் புருஷன்தான் டாக்டரிடம் சொல்வான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள். நானும் தட்டு, இஸ்திரிப் பெட்டி, மணிக்கட்டு என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றாக மலாயில் சொன்னார். நடுவில் குரல்கூடத் தழுதழுத்தது. செய்த தப்பை இப்படி ஒத்துக்கொள்கிற ஆணை நான் பார்த்ததே இல்லை. எனக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. புவான் என் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தார். கணவருக்குத் துணையாக எனக்கும் சொல்லித்தருகிறார் என்று நினைத்து அக்கறையாக மூச்சு விட்டேன்.

இப்படியே சில மாதங்கள் போயின. ஒரு நாள் கணவர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். புவானும் நானும் மட்டும் அறையில் இருந்தோம். மொழி இல்லாததால் புவான் கையால் பேசினார். தட்டை எடுத்து வீசுவதுபோல் காட்டினார், என்னைச் சுட்டினார், கூடாது என்று சிரித்தபடி விரலை ஆட்டினார். பிறகு என் மணிக்கட்டைத் தடவி, முஷ்டியால் சுவரில் குத்துவதுபோல் நடித்துக் காட்டி, மறுபடியும் என்னையே சுட்டினார். அந்த அறையில் இத்தனை நாள் நோயாளி யார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கு வந்த கோபம் பிறந்ததிலிருந்து வராத கோபம். எழுந்து நின்று தமிழில் கத்தினேன். மேசைமேல் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டேன், கண்ணாடிக் குவளை விழுந்து நொறுங்கியது. அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார். குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். புவான் அவரைப் பார்த்த பார்வையில் எவ்வளவு பரிதாபம்! திரும்பும் வழியில் காரில் ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தார். "நல்லா காட்டுன. நானா சொல்லியிருந்தாகூட இவ்ளோ நம்பியிருக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகுதான் மலாய் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். வாத்தியார் டிவி நாடகங்கள்தாம். அவற்றில் வரும் மனைவிகள் அழுதுகொண்டே இருப்பதால் எனக்கு வேண்டிய வாக்கியங்கள் எல்லாம் அங்கேயே கிடைத்தன. தயாரானதும், தனியாகப் பேச வேண்டும் என்று நானே புவானிடம் கேட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், அடிப்பது அவர், உடைத்தது அவர் என்று முழுவதும் மலாயில் சொன்னேன். புவானின் கண்கள் நிறைந்துவிட்டன. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எவ்வளவு அமைதியாகப் பேசுகிறாய், அன்றைக்கு உன்னால் இப்படி முடிந்ததா என்று கேட்டார். நான் சொன்னது பொய்யில்லை என்றேன். பழியை அடுத்தவர்மேல் போடத் தோன்றுவது இயல்புதான், போகப்போக அதுவும் சரியாகிவிடும் என்றார். பிறகு என் கணவரை உள்ளே அழைத்து, அவருடைய பொறுமையைப் பாராட்டினார். இனிமேல் நான் வரத் தேவையில்லை என்றார்.

அன்று மாலை அவரே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். உங்கள் பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தோம், இப்போது பரவாயில்லை என்று ஆதியோடந்தமாகச் சொன்னார். அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "அவ சின்னதுலேருந்தே அப்படித்தான் மாப்ள. நீங்களா இருக்கப் போய் வச்சுக் குடும்பம் நடத்துறீங்க" என்றாள். தங்கையைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்கள், இந்த விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்றும் கெஞ்சினாள். நான் போனை வாங்கினேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, இவர் என்னை அடிக்கிறார், என் கையை உடைத்தது இவர்தான், நான் உன்னிடம் வந்துவிட வேண்டும் என்று மலாயில் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா மாப்ள, அந்த ஊர்க்காரியாவே ஆயிட்டா" என்று பூரித்துப்போனாள். "தாயி, இன்னொரு வாட்டி சொல்லு. அப்பா வர்றாரு, அவரும் கேக்கட்டும்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் இன்னொரு முறை சொன்னேன்.