அமெரிக்காவுக்காகப் பொங்கிய முட்டிவலி அம்மா

நாளைக்கு வரலாற்றுத் தேர்வு. பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறியதுமே புத்தகத்தைத் திறந்துவிட்டேன். பாடம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஓர் அம்மா, "கொஞ்சம் நவுந்துக்கம்மா. முட்டி வலி, நிக்கவே முடியல" என்றார். ஒடுங்கி இடம் கொடுத்தேன்.

உட்கார்ந்ததும் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். வெள்ளைக்காரருக்காக பஸ் சீட்டிலிருந்து எழ மாட்டேன் என்ற கறுப்பினப் பெண்ணைக் கைது செய்த கதையைச் சொன்னேன்.

"அடப்பாவிங்களா! தோலோட கலரப் பாத்தா மனுசனுக்கு மரியாத குடுப்பானுங்க? வெளங்குவானுங்களா?"

டிரைவர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த மூச்சிலேயே, "ஆமா, நீ எந்த ஊரும்மா?"

"தா.பழூர் பக்கங்க."

"அப்படியா! ஊருக்குள்ளயா வூடு?"

இந்தக் கேள்வி எதற்கு என்று தெரியாமல் இந்தப் பக்கத்தில் யாரும் வளர்வதில்லை.

"இல்லைங்க. காலனி."

அதுவரை அமெரிக்காவுக்காகக் கொதித்த முகம் சட்டென்று ஆறிப்போனது. "இங்க ஒரே வெக்கையா இருக்கு" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வேறு சீட் காலியில்லை. அந்த முட்டியோடு, கம்பியைப் பிடித்தபடி, அரியலூர் வரை நின்றே வந்தார்.

அமெரிக்காவில் அந்தப் பெண்ணை எழுந்திரு என்று அதட்டினார்கள். நம் ஊரில் நமக்கு அந்தச் சிரமமே கொடுப்பதில்லை, அவர்களே எழுந்துகொள்கிறார்கள்.

இதை முன்னேற்றம் என்று நாளைக்கு எழுதினால் மார்க் விழுமா? பேப்பர் திருத்துகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.