ஆட்டுக்குக் கட்டிய குழை

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் குடியிருந்தோம். என் மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் வகுப்பில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்திருப்பாள், மறுநாளே அம்மை போட்டுவிட்டது. வாசல் நிலையில் ஆணி அடித்து, இலையும் கொப்புமாக வேப்பங்குழை கட்டினோம். தெருவே எங்கள் வீட்டைத் தாண்டும்போது எதிர்ச்சாரிக்குப் போய் நடந்தது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அடுத்தவர் வாசலில் குழை தொங்கினால் நானும் அப்படித்தான் ஒதுங்கி நடப்பேன்.

அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, குழையை அவிழ்த்துச் சிற்றாற்றில் விட்ட பிறகும் பிள்ளைகள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மகளும் வாசற்படியைத் தாண்டவில்லை. பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் கன்னத்திலும் நெற்றியிலும் கரும்புள்ளிகள்.

"திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகணும்ட்டி" என்றேன்.

"நான் போகமாட்டேன். எல்லாரும் என் மூஞ்சியவே பாப்பாங்க."

கெஞ்சினேன், அதட்டினேன், புது ரிப்பன் வாங்கித் தருவதாகச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. திங்கட்கிழமைக்குள் தெருப் பிள்ளைகளை எப்படியாவது வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், அவர்களோடு ஒட்டிக்கொண்டால் தானே போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன். அப்படித் தோன்றியதுதான் மிருக நாள். ஆளுக்கொரு மிருகமாக வேஷம் கட்டிக்கொண்டு வர வேண்டும்; சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில், தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்கு.

"பாடமா, கூத்தா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டும்தான். நீங்க கேலி பண்ணாம ஒத்தாசை பண்ணுங்க."

எந்த மிருகத்துக்கு எத்தனை கால், என்ன தின்னும், எங்கே தூங்கும், எப்படிக் கத்தும் என்று பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் வரிசையாக எழுதினேன். பூனை எங்கே தூங்கும் என்பதற்கு 'என் தலையணையில்' என்று அவர் கோணல் கையெழுத்தில் சேர்த்துவைத்தார். குரங்கு விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பழம் தின்னும் என்று எல்லாருக்கும் தெரியும், வேறு என்னவெல்லாம் தின்னும்? குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவரிடம், பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தலை நிறைய எண்ணெயும் அருவித் தண்ணீருமாகத் திரும்பி வந்தார். கையில் வழக்கமாக இருக்கும் பொட்டலத்தைக் காணோம்.

"பாத்துட்டேன், எழுதிக்கோ. வடை தின்னும். இலையோட நாலு, சட்னியோட."

சேலைப் பெட்டி அட்டையை வெட்டி, மைதாப் பசையால் ஒட்டி முகமூடிகள் செய்தேன். புலி, குரங்கு, யானை, பூனை என்று மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கு வரைக்கும்தான். மகளுக்கு மான். அதை மட்டும் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் வெட்டினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நிஜ மிருகம் ஒன்றாவது வேண்டுமே. பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த முஸ்லிம் அக்கா, தன் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்துவதாகச் சொன்னார். தழையைக் கீழே போட்டால் மிதித்துவிட்டு அப்படியே விட்டுவிடும், உயரத்தில் கட்டினால்தான் எட்டி எட்டித் தின்னும், பிள்ளைகளுக்கும் வேடிக்கையாக இருக்கும் என்று அவரே யோசனையும் சொன்னார். குழை ஒடித்துக் கட்டும் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டேன். வீடு வீடாகப் போய் அழைத்தேன். எல்லாத் தாய்மார்களும், "அனுப்புதேன் மைனி, நல்லா அனுப்புதேன்" என்றார்கள்.

சனிக்கிழமை பத்து மணி ஆயிற்று. பத்தரையும் ஆயிற்று. வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், இடுப்பில் கயிற்று வாலைக் கட்டிக்கொண்டு எதிர் வரிசைப் பெண் ஒருத்தி பாதித் தெரு வரைக்கும் வந்தாள். எங்கள் வீட்டைப் பார்த்தாள். வாலைக் கையில் சுருட்டிக்கொண்டு திரும்பி ஓடினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தலைக்குத் தண்ணீர் விட்டு எட்டு நாள் ஆன பிறகும் இப்படியா? தெருவில் இருந்த அத்தனை தாய்மார்களையும் வாய்க்குள்ளேயே வறுத்தெடுத்தேன். மகள் மான் முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் சொன்னேம்லா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது தெருவிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மைனி, மறுபடியும் குழை தொங்குது? இப்ப யாருக்குப் போட்டிருக்கு?"

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். நிலையில், அதே ஆணியில், பச்சைப் பசேலென்று வேப்பங்குழை. இரண்டு வாரம் பார்த்துப் பழகிய என் கண்ணுக்குக் காலையிலிருந்து அது தட்டுப்படவே இல்லை.

"ஆட்டுக்குத்தான்" என்றார் பின்னால் நின்ற வீட்டுக்காரர், பாதிக் குரலில். "வேப்ப மரம் புறவாசல்லயே நிக்கி. ஆணியும் நிலையிலயே இருந்துச்சு..."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. என்னை இடித்துக்கொண்டு படியிறங்கி, தூறலில் தெருமுனை வரைக்கும் ஓடினாள்.

"ஏலே, ஏட்டி, எல்லாரும் வாங்க! அது எனக்கில்ல, ஆட்டுக்கு!"

வாசலைத் தாண்டமாட்டேன் என்றிருந்தவள் போன வேகத்தில் மான் முகமூடி படியிலேயே விழுந்து கிடந்தது. ஆடு வந்தது. குழையை எட்டி எட்டித் தின்றது. கீழே பார்த்தது. மைதாப் பசை வாசம் பிடித்திருக்க வேண்டும், முகமூடியையும் தின்று முடித்தது.

ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். என் காலண்டர் தாள் பாடம் குரங்கோடு நின்றுபோயிற்று. குரங்குக்கு நாலு காலா, ரெண்டு கையும் ரெண்டு காலுமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள். வீட்டுக்காரர் வடையைப் பறிகொடுத்தவர் என்பதால் அவர் சாட்சி எடுபடவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே வால்காரப் பெண் என் மகளிடம் கேட்டாள்.

"நீ என்னட்டி? உனக்கு முகமூடி இல்லியா?"

"நான் மானு. முகமூடிய ஆடு தின்னுட்டு."

அவள் கிட்டத்தில் வந்து என் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒற்றை விரலால் கன்னத்தைத் தொட்டாள்.

"மானுக்கு எதுக்கு முகமூடி? உனக்குத்தான் புள்ளி இருக்குல்லா."

ஏட்டி என்று அதட்டுவதற்கு எழுந்துவிட்டேன். என் மகளோ, "ஆமா!" என்று இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்துக்கொண்டு, குரங்குக் கட்சியின் மேலேயே ஒரு தாவு தாவினாள். அந்த முகமூடியை யாருடைய வெட்கத்துக்காக அவ்வளவு நீளமாக வெட்டினேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்தவள் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில், "அத்தை, எங்களுக்கும் புள்ளி வைங்க" என்று ஆறு முகங்களும் முன்னால் வந்து நின்றன. கண்மைச் சிமிழை எடுத்து வந்து, காலியாகும் வரைக்கும் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை பையோடு தானாகவே வந்து நின்றாள். தலை வாரிப் பின்னிவிட்டு, வழக்கம்போலப் பவுடர் டப்பாவைத் திறந்தேன்.

"வேண்டாம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "புள்ளி மறஞ்சிரும்."

டப்பாவை மூடி வைத்தேன்.