கவிழ்க்காத கிண்ணம்

பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் தோசைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிறவர்களுக்குப் பேச இரண்டு விஷயம்தான். ஒன்று கிரீன் கார்டு. மற்றது, போன மாதத்திலிருந்து, எழிலரசி வேல்ஸிலிருந்து கூட்டி வந்திருக்கும் பேய்.

வெள்ளைக்காரக் கிழவி என்றார்கள். எழிலரசி வீட்டுப் பின்பக்க மரத்தள டெக்கில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறாளாம். பொடி டப்பா கொண்டுவந்தாலே ஏர்போர்ட்டில் ஆயிரம் கேள்வி கேட்கிற நாட்டுக்குள் கிழவி எந்த விசாவில் நுழைந்தாள் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. செய்தி கிளம்பிய இடம் எழிலரசியின் சிநேகிதி விஷாகா வீடு. விசாரித்தால், "நான் கண்ணால பாக்கல. ஆனா அவ சாம்பார் குடுத்த டப்பாவ அவ மெயில்பாக்ஸ்லயே வெச்சுட்டு வந்துட்டேன், உள்ள போகல" என்றாள். டப்பா காலி.

எழிலரசி வீட்டுக்குப் போய்ப் பார்த்ததில் டெக்கில் கிழவி இல்லை. கம்பளியும் இல்லை. சமையல் மேடையில் நீல விளிம்பு போட்ட எனாமல் கிண்ணம் ஒன்று இருந்தது. அதன் எதிரே எழிலரசி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோபிச்செட்டிபாளையத்துப் பெண். அமெரிக்கா வந்து இருபத்திரண்டு வருஷம். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம். அவள்மேல் குற்றம் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் யார் வீட்டுப் பாத்திரத்தையும் அவள் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. மகள் ரோஷினி பிறந்தபோது பூண்டுக் குழம்பு கொடுத்தனுப்பிய நாகமணி, டப்பாவை வாங்காமலே டெக்சாஸுக்கு மாறிப் போய்விட்டாள். அடுத்த வருஷம் எழிலரசி அந்த டப்பாவில் அதிரசம் நிரப்பி, விமானம் ஏறி, அங்கே பேர்லேண்டில் நாகமணி வீட்டுக் கதவைத் தட்டினாள். நாகமணிக்கு டப்பாவே ஞாபகமில்லை.

இப்படிப்பட்டவள் வேல்ஸுக்குப் போயிருக்கக் கூடாது. கணவர் செல்வராஜுக்கு லண்டனில் ஒரு வாரம் ஆபீஸ் வேலை. அது முடிந்ததும் நான்கு நாள் மலையில் ஒரு கல் காட்டேஜ், பதினாறு வயது ரோஷினியின் ஆசைக்காக. சுற்றிலும் செம்மறியாடும் மூடுபனியும். ஆடுகள் வேலிக்கு அந்தப் பக்கமே மேய்ந்தன. ஒன்றுகூட வீட்டுப் பக்கம் தலை திருப்பவில்லை.

வீட்டுக்காரி மிஸஸ் ப்ரைஸ் மேசைமேல் ஒரு ஃபைல் வைத்திருந்தாள். ஹீட்டர் போடுவது எப்படி, குப்பை எந்த நாள். நான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'சுவரின்மேல் கிண்ணம் இருந்தால், சாப்பிடுவது உங்கள் விருப்பம். காலிசெய்து, கவிழ்த்து, அதே இடத்தில் வைத்துவிடவும்.'

"கவுத்து வெக்கறதாமே" என்று சிரித்தாள் எழிலரசி. "இவிங்களுக்கு யாரும் சொல்லித் தரலையாட்ட இருக்குது."

முதல் நாள் காலையில் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் கிண்ணம் இருந்தது. துணி மூடி, உள்ளே சூடான ஓட்ஸ் ரொட்டி. மூவரும் தின்றார்கள். லண்டனில் வாங்கிய கறிவேப்பிலை போட்டு எலுமிச்சை சாதம் கிளறி, கிண்ணத்தை நிரப்பி, அதே துணியை மூடிச் சுவரில் வைத்தாள்.

இரண்டாம் நாள் கிண்ணம் வாசற்படிக்கு வந்திருந்தது, வெண்ணெயோடு. அவள் கேசரி வைத்தாள்.

மூன்றாம் நாள் சமையலறை ஜன்னல் திண்டில். கறுப்பு பெர்ரிப் பழம். பிரிட்ஜ்வாட்டரில் பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருஷமாகக் கையசைப்பதோடு நிறுத்திக்கொண்டார். இங்கே மூன்றே நாளில் ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டார்களே என்று அவளுக்குப் பூரிப்பு. புளியோதரை நிரப்பி வைத்துவிட்டு, நேரில் பார்த்து ஒரு தேங்க்ஸ் சொல்லலாம் என்று வயலைக் கடந்து நடந்தாள். கண்ணுக்கு எட்டின தூரத்தில் ஒரே ஒரு வீடுதான்.

வீட்டுக்குக் கூரை இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் ஒரு மரம் வளர்ந்து வெளியே போயிருந்தது. உள்ளே காற்று இல்லை, ஆனால் மரத்தின் இலைகள் அசைந்துகொண்டிருந்தன. ஜன்னல் கல்லின்மேல் கறிவேப்பிலைகள், காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பக்கத்தில் கேசரியிலிருந்து எடுத்த இரண்டு ஏலக்காய்த் தோல். தின்னத் தெரியாததை ஒதுக்கி, தூக்கி எறிய மனமில்லாமல், யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள்.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி மிஸஸ் ப்ரைஸைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நிரப்பியா வைத்தாய்?" என்றாள் மிஸஸ் ப்ரைஸ். "எத்தனை தடவை?"

"மூன்று."

"கவிழ்த்து வைத்தால் போதும், நன்றி என்று அர்த்தம். நிரப்பி வைத்தால், இன்னும் கிட்டே வா என்று அர்த்தம். நாங்கள் யாரும் நிரப்புவதில்லை."

எழிலரசி ஓடிவந்து பார்த்தபோது ஜன்னல் திண்டில் புளியோதரைக் கிண்ணம் இல்லை.

மறுநாள் கிளம்ப வேண்டும். செல்வராஜ் முன்வாசல், பின்வாசல் இரண்டையும் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் படுத்திருந்தார். விடிந்து பார்த்தால் கிண்ணம் உள்ளே, மேசைமேல் இருந்தது. நிறையப் பால். ஆவி பறந்தது. நான்கு நாற்காலிகளில் மூன்று மேசைக்குள் தள்ளியிருக்க, ஒன்று மட்டும், யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல், வெளியே இழுத்திருந்தது.

செல்வராஜ் பாலைக் கொண்டுபோய்ச் செடியில் ஊற்றினார். "கவுத்து வெச்சுட்டு வா. வண்டி எடுக்கறேன்."

"ஏனுங்க, நாலு நாளா வாங்கித் தின்னுட்டு, கவுத்து வெச்சுட்டு ஓடறதா?"

"அப்ப என்னத்தப் போட்டு வெப்ப? அரிசி தீந்து போச்சு. பெட்டியெல்லாம் கட்டியாச்சு."

"மாம், ஜஸ்ட் லீவ் இட் எம்ப்டி. ப்ளீஸ்" என்றாள் ரோஷினி, காருக்குள்ளிருந்தே.

எழிலரசி கிண்ணத்தைக் கவிழ்த்தாள். கேட்டுச் சுவரில் வைக்கப் போன கை கல்லுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. தின்றதற்குப் பதில் வைக்காமல் போவது அவள் கைக்குத் தெரியாது. ஊருக்குப் போய் நிரப்பி அனுப்பிவிடலாம் என்று கிண்ணத்தை ரோஷினியின் ஹூடியில் சுற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். கூட்டிவந்த பேய் என்று ஊர் சொல்வது இதைத்தான்.

வீடு வந்ததும் முதல் வேலையாக முறுக்கு பிழிந்தாள். கிண்ணத்தில் அடுக்கி, அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, ஒட்டின இடத்தின்மேல் குறுக்காகத் தன் கையெழுத்தையும் போட்டாள். டெஸ்டிங் வேலைப் புத்தி. கூரையில்லாத வீட்டுக்கு முகவரி ஏது? காட்டேஜ் பெயரை எழுதி, 'வயலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் கொடுக்கவும்' என்று சேர்த்தாள். நாலு வாங்கினோம், நாலு கொடுத்தாயிற்று, தீர்ந்தது என்றாள். அன்றைக்கு மத்தியானம் சோபாவிலேயே படுத்து நன்றாகத் தூங்கினாள்.

ஐந்து வாரம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. 'இந்த முகவரியில் ஒருவரும் இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. டேப் பிரிக்கப்படவில்லை. கையெழுத்து ஒரு கோடுகூட விலகாமல் அப்படியே இருந்தது.

முறுக்கு நமுத்துப் போயிருக்கும் என்றுதான் எழிலரசி பெட்டியைப் பிரித்தாள். உள்ளே கிண்ணம் கழுவித் துடைத்திருந்தது. துணி மூடியிருந்தது. துணியைத் தொட்ட விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். ஓட்ஸ் ரொட்டி, இப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த சூடு.

இது நடந்தது போன செவ்வாய்க்கிழமை. ரொட்டியை யாரும் தொடவில்லை. இன்னும் ஆறவில்லை.

"இத்தோட விட்டுரு" என்றார் செல்வராஜ், கிண்ணத்தைப் பார்க்காமல். "டெக்ல கவுத்து வெச்சுட்டுக் கதவச் சாத்து. ஒரு நிமிஷ வேலை."

"தெரியுங்க. நிரப்பி வெச்சா அடுத்து எங்க வந்து உக்காரும்னும் தெரியுங்க."

"பின்ன?"

"அஞ்சு வாங்கியிருக்கறேன். நாலுதானுங்க குடுத்திருக்கறேன்."

செல்வராஜ் மேசையைச் சுற்றியிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். எழிலரசி எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.