சாவிக்காரர் பூட்டி வைத்த சிக்னல்

சாவிக்காரர் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குக்கூடப் பூட்டு உண்டு. யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயமெல்லாம் இல்லை. அந்தக் குட்டிப் பூட்டை ஆசைப்பட்டுச் செய்துவிட்டார், எங்கேயாவது மாட்டியாக வேண்டுமே, அதற்காகத்தான். டீ போடும்போதெல்லாம் சாவிக்கொத்தைத் தேடி அலுத்துப்போன அவர் மனைவி, "எனக்குன்னு வாய்ச்சுதே" என்று தையல் மெஷினிடம் புலம்புவார். அந்தம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். வீட்டில் பூட்டில்லாத ஒரே பொருள் அந்த மெஷினின் டிராயர்தான். அதற்கும் ஒன்று போடலாம் என்று கிட்டே போனபோது, அந்தம்மா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாராம்.

மனிதர் கெட்டவர் இல்லை. எதைப் பார்த்தாலும் அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். சுவர்க் கடிகாரம், மிக்ஸி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பேசும் பொம்மை என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். பெரும்பாலானவை திரும்பவும் ஓடியிருக்கின்றன. கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகும். "இது இல்லாமலே ஓடுதே, அப்புறம் எதுக்கு வெச்சான்?" என்று அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே அன்றைய பொழுதை ஓட்டிவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. எழுத்தும் தன் பெயரைத் தாண்டிப் போகவில்லை. ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போனால்தான் சேர முடிகிற ஊரில், ஒரு மரப் பட்டறையில் வேலை பார்க்கிறான். சைகை மொழியை முறையாகச் சொல்லித்தர அந்தக் காலத்தில் அவனுக்கு யாரும் கிடைக்கவில்லை. ஒரே போர்வைக்குள் அடித்துப் பிடித்துப் படுத்த வயதில் அண்ணனும் தம்பியும் தாங்களே உண்டாக்கிக்கொண்டதுதான் அவர்கள் பாஷை. மூக்கைச் சுருக்கினால் அப்பா. காதைத் திருகினால் வாத்தியார். இரண்டு கையையும் சேர்த்துத் தட்டி விரித்தால், முடிந்துவிட்டது, ஆளை விடு. வலது கையை நீட்டிப் பூட்டில் சாவி திருப்புவது போலத் திருப்பினால் சத்தியம், இனி மாற்றம் கிடையாது. அண்ணன் பிற்பாடு பூட்டுத் தொழிலுக்கு வந்ததற்கு அந்தச் சைகைதான் காரணமோ என்னவோ, யார் கண்டது.

உலகத்தில் இந்தப் பாஷை முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அந்தம்மாவுக்கு அரைகுறையாகப் பிடிபடும். "ரெண்டும் சேர்ந்து என்னைப் பத்தித்தான் ஏதோ பேசுதுங்க" என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். ஆனால் சாவிக்காரர் குடியிருக்கும் தரைத்தள வீடு உயரமான கட்டிடங்களுக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கிறது. செல்போனில் குரல் மட்டும் எப்படியோ தட்டுத் தடுமாறி வந்துவிடும், படம் வராது. வந்தாலும் நடுவில் உறைந்துவிடும். வாயால் பேசுகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை, பாதி வார்த்தை கரகரத்தாலும் மீதியை ஊகித்துவிடலாம். தம்பியின் கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வது? அவன் சந்தோஷமாக ஏதாவது சொல்ல வந்தானா, சண்டைக்கு வந்தானா என்று தெரியாமல் வாரம் முழுக்க மண்டை குடைந்துகொண்டே இருக்கும்.

இதைச் சொல்லித்தான் செல்போன் கடைக்காரரிடம் போய் நின்றார். கடைக்காரர் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"இது ஹாட்ஸ்பாட்ணே. உங்க ஏரியாவுல இந்த கம்பெனி சிம்தான் நல்லா எடுக்கும். சிம்மை இதுல போட்டீங்கன்னா, டவர்ல இருந்து இது வாங்கி வீட்டுக்குள்ள வைஃபையாக் குடுக்கும். கையில எடுத்துட்டு எங்க வேணாலும் போகலாம்."

"வாங்கி குடுக்கும்னா, எது வழியா வாங்குது? ஓட்டை எதையும் காணோமே."

"ஓட்டையெல்லாம் வேண்டாம்ணே, காத்துலயே வரும்."

"ஓட்டை இல்லாம எப்படிப்பா உள்ள போகும்?"

கடைக்காரருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "நீங்க வீட்டுல போட்டுப் பாருங்கண்ணே, புரியும்" என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்மூடியைக் கழற்றினார். பேட்டரி, அதற்கடியில் சிம் சொருகும் இடம். சிம்மின் வெட்டிய மூலை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அங்கேயே கோடு போட்டிருந்ததைப் பார்த்து, "பரவால்லையே, சாவி மாதிரியே ஒரு பக்கம்தான் போகும்" என்று சந்தோஷப்பட்டார். மூடியைப் போட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தார். சிவப்பு விளக்கு எரிந்து, கொஞ்சம் யோசித்து, மஞ்சளானது. செல்போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் அந்தப் பெட்டியின் பெயர் வந்து நின்றது. மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து அடித்ததும் இணைந்துகொண்டது.

அத்தோடு சும்மா இருப்பாரா? "கடைக்காரனுக்கும் தெரிஞ்ச சாவி ஒரு சாவியா?" என்று, பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தபடி செட்டிங்குக்குள் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றினார். தன் வாசல் கதவுச் சாவியின் பற்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழமோ, அந்த எண்களை வரிசையாகப் போட்டுவிட்டார். அந்தம்மா பாஸ்வேர்ட் கேட்டபோது வாசல் சாவியைக் கையில் கொடுத்து, "அளந்துக்கோ" என்றார். அன்றைக்கு அவருக்கு டீ கிடைக்கவில்லை.

பிறகுதான் சிக்னல் வேட்டை; விளக்கு பச்சையானால் சிக்னல் முழுசு. பெட்டியை ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். கட்டிலடியில் சிவப்பு. கூடத்தில் மஞ்சள். பீரோ மேல் மஞ்சள், ஆனால் நடுங்குகிற மஞ்சள். சமையலறை ஜன்னலுக்கு வந்ததும் பளிச்சென்று பச்சை. எட்டிப் பார்த்தால், எதிரே இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்கு வானம் தெரிந்தது. "ஆக, இந்தச் சந்து வழியாத்தான் வருது" என்று சொல்லி, ஏதோ விருந்தாளி வருகிற வழியைப் பார்ப்பதுபோல வெகு நேரம் அந்தச் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் முகம் கண்ணாடியில் பார்ப்பது போலத் தெளிவாக வந்தது. கை எங்கேயும் நிற்கவில்லை. இரண்டு பேரும் பேசினார்கள் பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். பட்டறையில் புதிதாக வந்திருக்கும் இழைப்பு மெஷினின் உள்ளே என்ன இருக்கிறது என்று தம்பி பிரித்துப் பார்த்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை அண்ணனிடம் முழுசாகச் சொன்னான். குடும்ப வியாதி.

இவ்வளவு அருமையான பொருள் ஜன்னலோரம் அனாதையாகக் கிடப்பதா? சாவிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. தன் பூட்டுக் கடையில் மிஞ்சிய இரும்புத் தகடுகளை வளைத்து ஒரு பெட்டி செய்தார். கீல் வைத்த கதவு, அதற்கொரு பூட்டு, சார்ஜர் ஒயர் நுழைய ஒரு துளை, விளக்கு தெரிய ஒரு சின்னத் துளை. அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினார். உள்ளே வைக்கப் போகும்போது ஹாட்ஸ்பாட்டில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியைக் கொத்தில் கோர்த்துக்கொண்டு திரும்பியவர், துளை வழியாக இன்னொரு முறை பார்க்கவில்லை.

"அதுக்கு மூச்சு முட்டாதா?" என்றார் அந்தம்மா.

"அது என்ன கோழியா?" என்றார் இவர்.

மறுநாள் காலையில் தம்பியின் செல்போனிலிருந்து அழைப்பு வந்தது. வீடியோ இல்லை, வெறும் அழைப்பு. வாய் பேசாத தம்பி எதற்கு அப்படிக் கூப்பிடப் போகிறான்? சாவிக்காரர் அவசரமாக எடுத்துக் காதில் வைத்தார்.

"நான் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசுறேன். இந்த போன்காரருக்கு நீங்க என்ன வேணும்?"

"அண்ணன். அவனுக்கு என்னாச்சு?"

"மெஷின்ல கை மாட்டியிருக்கு. உயிருக்கு ஒண்ணும் இல்லைங்க, பயப்படாதீங்க. வலது கையில விரலை மடக்குற நரம்பு அறுந்திருக்கு. இப்பவே ஆபரேஷன் பண்ணித் தைச்சா விரல் வேலை செய்யும், தள்ளிப் போட்டா கஷ்டம்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா இவரு கிட்டவே விட மாட்டேங்கறாரு. ஊசி போட்டா பிடுங்கி எறியறாரு. என்ன சொல்றாருன்னு இங்க யாருக்கும் புரியல."

"வீடியோ போடுங்கம்மா. எனக்குப் புரியும்."

வீடியோ வந்தது. தம்பியின் முகம், வாய் திறந்தபடி, இடது கை பாதி தூக்கியபடி. அப்படியே நின்றது. அதன் மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. துண்டித்துத் திரும்பப் போட்டார். அதே முகம், அதே வட்டம்.

"மெயின் ரோட்டுக்கு ஓடுங்க" என்றார் அந்தம்மா. சாவிக்காரர் அதற்குள் ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போடலாம் என்று இரும்புப் பெட்டியிடம் போயிருந்தார். துளையில் சிவப்பு தெரிந்தது. பூட்டைத் திறந்து கதவை இழுத்தார். மஞ்சள். கதவைச் சாத்தினார். துளையில் சிவப்பு. திறந்தார், மஞ்சள். மறுபடியும் சாத்தப் போனவரின் கையை அந்தம்மா பிடித்தார்.

"தம்பி அங்க கெடக்குது, நீங்க கதவைத் திறந்து மூடி விளையாடிக்கிட்டு இருக்கீங்க."

"விளையாடலம்மா. இரும்பு மறைக்குது. நான்தான் பூட்டிட்டேன். டவருக்கும் இதுக்கும் நடுவுல நான் போய்ப் பூட்டுப் போட்டுட்டேன்."

ஒயரைப் பிடுங்கி, ஹாட்ஸ்பாட்டை வெளியே எடுத்து, ஜன்னல் கம்பிக்கு அப்பால் அந்தச் சந்துப் பக்கம் நீட்டினார். பச்சை. ஆனால் இதை யார் பிடித்துக்கொண்டு நிற்பது? பேசுவதற்கு அவருக்கு இரண்டு கையும் வேண்டும். அந்தம்மா ஹாட்ஸ்பாட்டை வாங்கி ஒரு கையைக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு, மறு கையில் செல்போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

வட்டம் மறைந்தது. தம்பி அசைந்தான்.

அண்ணனைக் கண்டதும் அவன் முகம் கோணி அழுகை வந்தது. வலது கை துணிப் பொட்டலமாக மடியில் கிடந்தது. இடது கையால் மட்டும், தத்தளித்துத் தத்தளித்துச் சொன்னான். இரண்டு கைக்கென்று உண்டான சைகைகளை ஒரு கையால் சொல்வது பாதி வாயால் பேசுவது போலத்தான். சாவிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பொட்டலத்தைக் காட்டினான். இடது புறங்கையில் ஊசி குத்துவதாகக் காட்டினான். கண்ணை மூடித் தலையைச் சாய்த்தான். பிறகு கண்ணை விழித்து, அங்குமிங்கும் பார்த்து, உதட்டைத் தொட்டுக் கையை விரித்தான்.

"என்ன சொல்றாருங்க?" என்று நர்ஸின் குரல் கேட்டது.

சாவிக்காரர் செல்போன் பக்கம் குனிந்தார். "ஒரு கையைக் கட்டிருவீங்க, இன்னொரு கையில ஊசியைக் குத்தி அசைக்க விட மாட்டீங்க. தூங்கி எந்திரிச்சா நான் எப்படிப் பேசுறதுன்னு கேக்குறாம்மா. வலிச்சாக்கூட யார்கிட்ட எப்படிச் சொல்வேன்னு கேக்குறான்."

"ஊசிக்குப் பயப்படறாருன்னு நினைச்சிட்டோம்" என்றார் நர்ஸ்.

"ஊசியை மேல எங்கயாவது போட முடியுமா? இடது கை விரல் அசையணும். அப்புறம், அவன் கண்ணு முழிக்கும்போது இந்த போன் அவன் முன்னால இருக்கணும். நான் இருப்பேன்."

"முழங்கைகிட்ட போடச் சொல்றேன். போனை நானே கொண்டு வந்து காட்டறேன், சரிங்களா?"

சாவிக்காரர் அதைத் தம்பிக்குச் சொன்னார். நீ கண் விழிக்கும்போது நான் எதிரில் இருப்பேன். சொல்லிவிட்டு வலது கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். தம்பி வெகு நேரம் அந்தக் கையையே பார்த்தான். பிறகு இடது கையை நர்ஸிடம் நீட்டினான்.

அன்று கடை திறக்கவில்லை. சும்மா உட்காரத் தெரியாத மனிதர், ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி இரும்புப் பெட்டியை இறக்கினார். ஹாட்ஸ்பாட்டுக்கு சார்ஜ் ஏற்றினார். ஏறிவிட்டதா என்று பார்த்தார். ஏறிய பிறகும் பார்த்தார். அந்தம்மா மெஷினில் உட்கார்ந்து, மிச்சத் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, அதன் வாயில் நாடா கோர்த்து, ஹாட்ஸ்பாட்டை அதில் போட்டு ஜன்னல் கம்பிக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டார். "பூட்டு வேணும்னா நாடாவுல முடிச்சு இருக்கு" என்றார். சாவிக்காரர் அதற்கும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வீடியோ அழைப்பு வந்தது; அந்தம்மா செல்போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "நல்லபடியா முடிஞ்சுதுங்க, இப்பத்தான் முழிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் செல்போனைத் திருப்பினார். தம்பி மெல்லக் கண்ணைத் திறந்தான். கண் சுற்றிச் சுற்றித் தேடி, அண்ணன் முகத்தில் வந்து நின்றது. வலது கை பெரிய வெள்ளைக் கட்டாக இருந்தது. இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்து பார்த்தன. பிறகு அந்தக் கை எழுந்து, அண்ணனுக்குப் பின்னால் ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்த துணிப்பையைக் காட்டி, உள்ளங்கையை விரித்து ஆட்டியது. அது என்ன?

அந்தம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மயக்கம் தெளிஞ்சதும் கேக்குற கேள்வியைப் பாருங்க. உங்க தம்பிதான்."

சாவிக்காரர் பதில் சொல்ல இரண்டு கையையும் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். ஹாட்ஸ்பாட்டுக்கு அவர்கள் பாஷையில் சைகையே இல்லை, இனிமேல்தான் உண்டாக்க வேண்டும். தம்பியால் சொல்ல முடியாததாக உண்டாக்கி என்ன பிரயோஜனம்? வலது கையைக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இடது கையை இறுக்க மூடி, வானத்தைப் பார்க்கத் தூக்கி, ஐந்து விரலையும் மெல்ல விரித்துக் காட்டினார். தம்பி தன் இடது கையை மூடி, அதே மாதிரி விரித்தான்.

பிறகு அண்ணனின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து, இன்னொரு கை எங்கே என்று கேட்டான்.

உன் கட்டைப் பிரிக்கிற அன்றைக்குத்தான் இதுவும் வெளியே வரும் என்று சாவிக்காரர் இடது கையால் சொன்னார். சொன்னபடியே அதுவரை தம்பியோடு ஒரு கையால்தான் பேசினார்.